ஆறாம் எந்திரத்தின் எடைத்தாள்

மகனே,

இம்மடலை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். புணேயில் பிறந்து, மராத்தியில் விளையாடி, ஆங்கிலத்தில் தேர்வெழுதி வளர்ந்தவன் நீ. தமிழ் உன் காதுக்கு வந்த அளவு கண்ணுக்கு வரவில்லை. அதில் என் பங்கும் உண்டு. தமிழ் மன்றத்தில் ஊரார் பிள்ளைகளுக்கு நெடுங்கணக்கு கற்பித்தவன், வீட்டில் உனக்குப் பேச்சை மட்டும் கொடுத்தேன். கோவையில் பள்ளியை முடித்து வந்த உன் மனைவி அருகில் இருந்தால் படித்துக் காட்டச் சொல். விரைந்து படித்து முடிக்க வேண்டிய செய்தி இதில் ஒன்றும் இல்லை. விரைந்து சொல்லியிருக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமலே ஒன்பது ஆண்டுகளைக் கடத்திவிட்டேன்.

கடந்த ஞாயிறு நண்பகலில் கோந்த்வாவிலிருந்து வந்திருந்தாய். உணவு முடிந்து தட்டை எடுக்குமுன் கேட்டாய்: "அப்பா, என் டீம்ல பத்துப் பேரு. பெல் கர்வ்ல ஃபிட் பண்ணிக் குடுன்றாங்க. மேல ரெண்டு, நடுவுல ஏழு, கீழ ஒண்ணு. கீழ போடற ஆளுக்கு அடுத்த மாசம் சீட் இருக்காது. பத்துப் பேரும் ஒழுங்காத்தான் வேலை செய்றாங்க. நீ யூனியன்ல இருந்தவன், சொல்லு, யாரப் போடறது?" நான் தொண்டையைச் செருமினேன். பிறகு நாற்பது மணித்துளிகள் பேசினேன். உழைப்பவனை உருட்டும் உலக முதலாண்மை என்று தொடங்கியது நினைவிருக்கிறது. எங்கே முடிந்தது என்பது நினைவில்லை. உன் அம்மாதான் முடித்து வைத்தாள். "உங்கப்பாவுக்கு உப்பு வேணும்னாக்கூட மைக்கு வேணும்டா. நீ கெளம்பு, ட்ராஃபிக் சேந்துடும்." நீ சிரித்தாய். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். கேட்ட கேள்விக்கு விடை உனக்குக் கிடைக்கவில்லை.

நான் மறந்து பேசவில்லை, மறைத்துப் பேசினேன். நீ சொன்ன அந்த மணி வளைகோட்டை எனக்கு முதலில் காட்டியவனே நீ. அப்போது நீ கல்லூரியில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. அன்று நடந்ததை நினைத்துத்தான் இப்போது என்னிடம் கேட்டாயா, அல்லது முற்றும் மறந்து கேட்டாயா என்று உன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன், முடியவில்லை. ஆகவே, நீ மறந்துவிட்டாய் என்றே வைத்துக்கொண்டு முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஹடப்சரில் நான் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த ஆலையின் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை. குளுக்கோசு மாவை இருநூறு கிராம் பொட்டலங்களாகக் கட்டும் ஆலை. கட்டும் கூடத்தில் ஆறு எந்திரங்கள். ஆறும் ஒரே ஆண்டில், ஒரே லாரியில் வந்து இறங்கியவை. ஷிப்டு என்கிறாயே, அந்த மூன்று முறைக்கும் சேர்த்துப் பதினெட்டு ஓட்டுநர்கள். அவர்களில் பதினொருவர் நம் ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். நான் மூன்றாம் எந்திரம் ஓட்டினேன். தொழிற்சங்கத்தின் செயலாளராகவும் இருந்தேன். எந்திரம் ஓட்டியதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். பேசியதற்குக் கைதட்டினார்கள். இரண்டில் எது இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நான் உண்மையான விடை சொல்லியிருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆலைக்கு எடைத்தாள் வந்தது. ஒவ்வோர் ஓட்டுநரும் அரை மணிக்கு ஒருமுறை தன் எந்திரத்திலிருந்து ஐந்து பொட்டலங்களை எடுத்து, கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் மின்தராசில் வைத்து, வந்த எடையைத் தாளில் எழுத வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு எண்பது பொட்டலங்கள். இருநூறுக்கு மேலோ கீழோ ஐந்து கிராமைத் தாண்டிய எடை வந்தால் அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் இட வேண்டும். எதற்காக இந்தத் தாள் என்று மேலிடம் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாதபோது தொழிலாளி தனக்குத் தெரிந்த காரணத்தை வைத்துக்கொள்வான்: வட்டத்தை எண்ணி ஊக்கத்தொகையை வெட்டப் போகிறார்கள். அச்சம் கூடம் முழுதும் பரவியது. என்னை அழைத்தார்கள்.

வாயிற்கூட்டத்தில் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன்: "தோழர்களே, தாளில் நீங்கள் எழுதும் ஒவ்வோர் எண்ணும் ஓர் இழை. இழை இழையாய்த் திரித்து உங்கள் கழுத்துக்கு நீங்களே கயிறு செய்து கொடுக்காதீர்கள்! நடுவில் எழுதுங்கள்! இருநூற்றை ஒட்டி எழுதுங்கள்! வட்டம் என்ற ஒன்று இந்த ஆலையில் விழாதிருக்கட்டும்!" கைதட்டல் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத் தேநீர்க் கடைவரை கேட்டது. மறுநாளிலிருந்து தராசுகளில் தூசு படியத் தொடங்கியது. தேநீர் அருந்திக்கொண்டே தாளை நிரப்பினோம். 199.8, 200.1, 200.0, 200.2, 199.9. நானும் அப்படித்தான் எழுதினேன். என்னைக் கேட்டால், அழகாகவும் எழுதினேன்.

ஒருவர் மட்டும் எழுதவில்லை. ஆறாம் எந்திரத்து ஏகாம்பரம். நம் தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். நீ மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு அவர் வீட்டில் கேரம் விளையாடுவாய். சங்கத்தில் நிலுவையின்றி உறுப்புக்கட்டணம் கட்டுபவர், கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்பவர், கைதட்டாதவர். உணவு இடைவேளையில் அவரிடம் போய்ப் பேசினேன். டப்பாவை மூடாமலே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா தலைவரே, தராசுல வர்றத எழுதத்தானே தராசு? நானா எழுதறதுக்குத் தராசு எதுக்கு?"

"ஒற்றுமை என்று ஒன்று உண்டு, ஏகாம்பரம்."

"அது கீது. ஸ்ட்ரைக்குன்னு சொல்லு, மொத ஆளா வெளிய வந்து நிக்கறேன். நூத்தித் தொண்ணூத்து நாலுன்னு தராசு காட்டச்சொல்ல இருநூறுன்னு எழுதச் சொல்லாத. எனக்குக் கை வராது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "தராசுசாமி அருள் வந்து பேசறாருடா, தேங்கா ஒட" என்றான் ஒருவன். ஏகாம்பரமும் சிரித்தார். அத்தோடு விட்டுவிட்டேன். ஒருவர் உண்மையை எழுதுவதால் பதினேழு பேருக்கு என்ன கேடு என்று எண்ணினேன். பதினேழு பேர் பொய்யை எழுதுவதால் அந்த ஒருவருக்கு என்ன கேடு என்று எண்ணவில்லை. இந்தக் கணக்கை நான் ஒரு பக்கம்தான் போட்டேன். என் பிழை அங்கே தொடங்கியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து மும்பையிலிருந்து புதிய தர மேலாளர் வந்தார். இளைஞர், கெட்டவர் அல்லர், தாளை நம்புகிறவர். ஒரு மாதத்துத் தாள்களை மேசைமேல் பரப்பினார். பதினேழு ஓட்டுநர்களிடம் ஒரு வட்டம்கூட இல்லை. ஏகாம்பரத்திடம் இருபத்தேழு. அதே ஆறாம் எந்திரத்தை மற்ற இரண்டு முறைகளில் ஓட்டியவர்களிடமும் வட்டம் இல்லை. ஆகவே குறை எந்திரத்தில் இல்லை, ஆளிடம்தான் என்று முடிவு கட்டினார். யார்தான் கட்டமாட்டார்கள்? கவனக்குறைவு, எந்திரத்தைத் தவறாகக் கையாளுதல் என்று குற்றச்சாட்டு மடல் வந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது. முடிவு பெரும்பாலும் நீக்கமே என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

அன்று மாலையே ஏகாம்பரம் நம் வீட்டுக்கு வந்தார். உன் அம்மா கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அமராமல் நின்றார். "வேல போனாப் போவட்டும் தலைவரே, எங்கனா வாட்ச்மேன் வேல பாத்துக்குவேன். ஆனா எனக்கு எந்திரம் ஓட்டத் தெரியலன்னு எழுதிட்டாங்க. நான் எழுதின எட சரின்னு ஒருத்தர் சொல்லணும். அத மட்டும் பண்ணு." அவர் கேட்டது அவ்வளவுதான். மகனே, இதை நினைவில் வை. வேலையை அவர் கேட்கவில்லை. எண் சரி என்று சொல்லச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு முற்பகலில் ஒரு வாரத்து எடைத்தாள்களின் படிகளைக் கொண்டுவந்து உன்முன் வைத்தேன். ஓட்டுநர் பெயர் இல்லாத படிகள், எந்திர எண் மட்டும் இருந்தவை. "கல்லூரியில் ஏதோ வளைகோடு படிக்கிறாயே, அது எதற்காவது உதவுமா பார்" என்றேன். உள்ளதை உனக்குச் சொல்லவில்லை. ஏகாம்பரத்தின் எண்கள் சரியென்று மட்டும் நீ காட்டுவாய், மற்றவை உன் கண்ணில் படா என்று எண்ணியிருந்தேன். ஆயிரம் பேரை ஒரே பேச்சில் அசைக்கத் தெரிந்தவனுக்கு, ஆயிரம் எண்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும் என்பது தெரியவில்லை.

நீ தரையில் கட்டத்தாளை விரித்தாய். உன் அம்மா கொத்துமல்லி ஆய்ந்துகொண்டே ஆறாம் எந்திரத்து எடைகளை ஒவ்வொன்றாய்ப் படித்தாள்: "நூத்தித் தொண்ணூத்தெட்டு புள்ளி மூணு... எரநூத்தி ஒண்ணு புள்ளி ஆறு..." ஒவ்வோர் எடைக்கும் ஒரு கட்டத்தை நிரப்பிக்கொண்டே போனாய். ஆறு நாளுக்கு நானூற்று எண்பது கட்டங்கள். நிரம்ப நிரம்ப, கவிழ்த்து வைத்த மணியின் உருவம் ஒன்று தாளில் எழும்பியது. அதை வரைய வேண்டும் என்று யாரும் எண்ணவில்லை. ஏகாம்பரம் எண்ணவில்லை, நீ எண்ணவில்லை, எண்களைப் படித்த உன் அம்மா எண்ணவில்லை. அது தானே வந்தது.

"இத பாரு அப்பா. நடுவுல கூட்டம் ஜாஸ்தி, ரெண்டு பக்கமும் ஹளூ ஹளூ குறையுது" என்று மராத்தியும் தமிழுமாய் மெல்ல மெல்லக் குறைவதைக் கையால் காட்டினாய். ஏன் இந்த உருவம் என்று கேட்டேன். மாவின் ஈரம் கொஞ்சம், மாவைத் தள்ளும் திருகின் தேய்மானம் கொஞ்சம், மின்னழுத்தம் கொஞ்சம், மேல்தொட்டியில் இருக்கும் மாவின் உயரம் கொஞ்சம். ஒவ்வொன்றும் தனித்தனியே எடையை ஒரு சிறிது மேலேயோ கீழேயோ தள்ளும். எல்லாம் ஒரே பக்கம் தள்ளுவது அரிது, ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வது இயல்பு. ஆகவேதான் நடுவில் கூட்டம், ஓரத்தில் சிலர் என்றாய். இதையே நம் பாடநூல்கள் இயல்நிலைப் பரவல் என்கின்றன என்பதைப் பிறகு நானே தேடிப் படித்தேன். சராசரி இருநூறு, திட்ட விலக்கம் இரண்டு கிராம் என்று கணக்கிட்டாய். அப்படியானால் நூறு பொட்டலங்களில் அறுபத்தெட்டு இரண்டு கிராமுக்குள் நிற்கும், தொண்ணூற்றைந்து நான்கு கிராமுக்குள் நிற்கும், எண்பதுக்கு ஒன்று ஐந்து கிராமைத் தாண்டும் என்றாய். ஒரு நாளுக்கு எண்பது பொட்டலம், ஒரு வட்டம். அந்த வாரத்தில் ஏகாம்பரத்தின் வட்டங்கள் ஆறு. மாதத்துக்கு இருபத்தைந்து வேலைநாள், இருபத்தேழு வட்டம். "பக்கா" என்றாய். "மெஷினு எப்டி இருக்கோ அப்டியே எழுதியிருக்காரு."

நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன். நீ மற்ற ஐந்தையும் எடுத்தாய். பத்து மணித்துளிகளில் சிரிக்கத் தொடங்கிவிட்டாய். "அப்பா, இதெல்லாம் ஃபேக். அதே மெஷின், அதே மாவு, இப்டியே ஒரு மாசம் பூரா ஒரு வட்டம்கூட வரலன்னா என்ன சான்ஸ் தெரியுமா? காசு சுண்டறோம்ல, முப்பத்தாறு தடவ விடாம தலையே விழற மாதிரி. வெயிட்டே பாக்காம உக்காந்து எழுதியிருக்காங்க. எல்லாரும் ஒரே மாதிரி எழுதறாங்க, எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். பொய் எழுதறதுக்கே கொஞ்சம் அக்கல், புத்தி வேணும்பா. அக்கல் இல்லாத ஆளு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்."

உன் அம்மா மூன்றாம் எந்திரத்துத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு கொத்துமல்லியைக் கீழே வைத்தாள். "டேய், இது உங்கப்பா கையெழுத்து. ஒம்பதுக்கு வால் பாரு, கல்யாணப் பத்திரிகைக்குப் போடற மாதிரி."

உன் சிரிப்பு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. நான் பேசினேன். ஒற்றுமை, அடக்குமுறை, வரலாறு என்று சொற்கள் வரிசையாக வந்தன. அவை எப்போதும் வரும். ஆறாம் எந்திரத்து மாமாவை வீட்டுக்கு அனுப்பிய செய்தி அதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது. நீ ஒன்றே கேட்டாய்: "அப்போ ஏகாம்பரம் மாமாவுக்கு வேலை போறது உன்னாலயா?" இந்தக் கட்டத்தாள் இவ்வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்றேன். விசாரணையில் ஒரே ஒரு கோரிக்கை வைத்தால் போதும்: ஆறு எந்திரங்களிலிருந்தும் நூறு நூறு பொட்டலங்களை எடுத்து எல்லார் முன்னிலையிலும் நிறுத்துப் பாருங்கள். ஆறும் ஒரே மாதிரி சிதறும். ஏகாம்பரத்தின் எண் சரி என்பது அரை நாளில் தெரிந்துவிடும். அந்தக் கோரிக்கையை வைக்க வேண்டியவன் சங்கச் செயலாளராகிய நான். வைத்தால் மற்றப் பதினேழு பேரும் பொய் எழுதியவர்கள் என்பதும், எழுதச் சொன்னவன் யார் என்பதும் அதே அரை நாளில் தெரியும். பதினேழு குடும்பங்களைக் காப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று எண்ணிப் பார்த்தால், அவர்களை எச்சரிக்கையோடு விட்டிருப்பார்கள். எனக்குத்தான் ஒலிபெருக்கி போயிருக்கும்.

ஆகவே நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். வாயிலில் இருநூறு பேரைத் திரட்டினேன். "ஏழை எழுதிய எண்ணை எடுத்து ஏழையையே எரிக்க எண்ணுகிறீர்களா?" என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசினேன். என் வாழ்நாளில் சிறந்த பேச்சு அதுவே என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் அவருடைய எடை சரி என்ற ஒரு சொற்றொடர் இல்லை. விற்பனைப் பருவம் முடியுமுன் மூட்டைகள் போயாக வேண்டிய நெருக்கடியில் இருந்த மேலிடம் இறங்கி வந்தது. ஏகாம்பரத்தின் குற்றத்தை இம்முறை மன்னித்து, எச்சரித்து, எந்திரப் பணியிலிருந்து சுமையேற்றும் கொட்டகைக்கு மாற்றுவதாக எழுதிக் கொடுத்தார்கள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலைவரை சென்றார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் ஏகாம்பரம் நின்றிருந்தார். அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"மன்னிச்சுட்டோம்னு போட்டிருக்குது. நான் இன்னா தப்பு பண்ணேன், மன்னிக்க?"

"வேலை கிடைத்துவிட்டதே, ஏகாம்பரம்."

"நான் எழுதினது தப்பா ரைட்டா, தலைவரே? ஒரு மணி நேரம் பேசினியே, அத எங்கனா சொன்னியா? நானும் கேட்டுக்கினேதான் இருந்தேன்."

பேருந்து வந்தது; ஏறிக்கொண்டார்.

அதன்பின் ஏழு ஆண்டுகள், ஓய்வு பெறும்வரை, அவர் மூட்டை ஏற்றினார். தராசு அருகில் அவரை யாரும் விடவில்லை. இருபத்தேழு வட்டம் வாங்கியவர் என்ற கதை கொட்டகைக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மராத்தித் தோழர்கள் அவரைச் 'சத்தாவீஸ்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவர்கள் மொழியில் இருபத்தேழு. பிறகு நம்மவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். பின்னால் வேலைக்கு வந்த இளைஞர்களுக்கு அவர் உண்மைப் பெயரே தெரியாது. அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, "பொண்ணோட அப்பா மெஷின் ஓட்டத் தெரியாம லோடிங்குக்குப் போனவரு" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். நான் தலையாட்டினேனா இல்லையா என்று நினைவில்லை. மறுக்கவில்லை என்பது நினைவிருக்கிறது. எந்திரங்களின் திருகுகளோ தேய்ந்துகொண்டே போயின. தாளில் எல்லாம் சரியாக இருந்தபடியால் அவற்றை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை; எங்கெங்கோ கடைகளில் குறைந்த எடைப் பொட்டலத்தை முழு விலை கொடுத்து வாங்கிப் போனார்கள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் அலுவலகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வளைகோட்டைப் பற்றி அன்றிலிருந்து கொஞ்சம் படித்திருக்கிறேன். அது அளந்த பிறகு எழும்புவது. அளக்கும் முன்பே அதை வரைந்து கையில் கொடுத்து, ஆட்களை அதற்குள் நிரப்பு என்பவர்கள், நடுவில் எழுதுங்கள் என்று நான் சொன்னதைத்தான் வேறு மொழியில் சொல்கிறார்கள். மேலும், பத்துப் பேர் என்பது இரண்டாயிரம் பொட்டலம் அன்று. சராசரிக்கு இரண்டு திட்ட விலக்கம் கீழே நிற்பவரையே கடைசி என்று கொண்டால், அத்தகையவர் நாற்பத்து நான்கு பேருக்கு ஒருவர். பத்துப் பேர் கொண்ட ஐந்து குழுக்களை எடுத்தால், நான்கில் அப்படி ஒருவரும் இருக்க மாட்டார். அதுவும், தேர்வு வைத்து, நேர்காணல் வைத்துப் பொறுக்கி எடுத்த பத்துப் பேர். இதை உன் மேலிடத்துக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். ஏற்பார்களா என்று எனக்குத் தெரியாது. ஏற்காவிட்டால் நீ ஒரு பெயரை எழுதத்தான் வேண்டியிருக்கும். வேலையை விட்டுவிடு என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் எழுதுமுன் ஒன்றைப் பார். அந்தப் பத்துப் பேரில் தன் பிழையைத் தானே பதிவு செய்கிறவர் எவர்? மற்ற ஒன்பது பேரின் பதிவுகள் மிகவும் ஒழுங்காக இருக்கின்றனவா? அப்படி இருந்தால் ஒழுங்கைக் கண்டு ஐயுறு. சிதறல் இருக்கும் இடத்தில் ஒருவர் உண்மையாகவே தராசின் முன் நின்றிருக்கிறார்.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு கடந்த வியாழன் பிம்ப்ரிக்குப் போனேன். ஏகாம்பரம் அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். இரண்டு பேருந்து மாறினேன். கூடத்தில் அமர்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் படித்துக் காட்டினேன். உரிப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"முடிஞ்சுதா? இத இன்னா பண்ணப் போற?"

"மகனுக்கு அனுப்புவேன். மன்றத்து ஆண்டு மலரில் எல்லாரும் படிக்கும்படி அச்சிடவும் கொடுப்பேன்."

"குடு, வேணாம்னு சொல்லல. ஆனா மலர்ல போட்டா யாரு படிப்பா? நம்ம செட்டு ஆளுங்களுக்குக் கண்ணு தெரியல. பசங்களுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. என்னை சத்தாவீஸ்னு கூப்பிடறவன் எவனும் மலர் படிக்கறவன் இல்ல. நீ நடுவுல எழுதுன்னு மைக்குலதானே சொன்ன? மைக்குலயே சொல்லு."

"மன்றத்து ஆண்டு விழாவில் சொல்கிறேன்."

"மத்தவன் பேரு எதுவும் எடுக்காத. அவன்லாம் நீ சொன்னியேன்னு எழுதினான்."

"சரி."

"இன்னொண்ணு. நல்லாப் பேசாத. நீ நல்லாப் பேசினா கை தட்டிட்டுப் பூடுவாங்க. இன்னா சொன்னன்னு ஒருத்தனுக்கும் நெனவிருக்காது."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. அது அவருக்கு எப்படிப்பட்ட சொல் என்பது எனக்குத் தெரியும்.

வரும் ஞாயிறு மாலை ஆண்டு விழா. நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு எதிரே அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் தாளைப் பார்த்துப் படிப்பதாக இருக்கிறேன். எதுகை இல்லை, மோனை இல்லை. அடித்து அடித்து எழுதியதில் மிஞ்சியது இவ்வளவே:

"ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஆறாம் எந்திரம் ஓட்டியவர் எழுதிய எடைகள் அனைத்தும் சரியானவை. நான் எழுதியவை அனைத்தும் பொய். நடுவில் எழுதுங்கள் என்று சொன்னவன் நான். அவருக்கு எந்திரம் ஓட்டத் தெரியும். அவர் பெயர் ஏகாம்பரம்."